மெருகு போன ரிவால்வர்

ஷமீமாவிடம் சுடக் கற்றுக்கொள்ள வந்தவர்களில், துப்பாக்கியைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தவள் மாட்டு டாக்டர் மங்கையர்க்கரசி ஒருத்திதான்.

ஷமீமாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மங்கைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் அந்தத் துப்பாக்கிக் கழகத்தில் வயது பார்த்து யாரும் யாரையும் அழைப்பதில்லை. கற்றுக்கொடுக்கிறவர் யாராயிருந்தாலும் மாஸ்டர்.

சுடுதளம் மலையடிவாரத்தில், எப்போதோ வெட்டிவிட்டுப் போன ஒரு கல்குழிக்குள் இருந்தது. மூன்று பக்கமும் பாறை. தோட்டா வெளியே போக வழியில்லை. சத்தம் மட்டும் போகும்.

ஷமீமா துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு ரிவால்வர். நீலம் ஓடிய கறுப்பு. வெயில் பட்டதும் நாவல் பழம்போல் மின்னியது.

"புதுசா?"

"இல்ல. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் வாங்கினது."

"அவர் வரலையா?"

"செத்துட்டார். வெட்டிட்டாங்க."

ஷமீமா தோட்டா உருளையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள்.

"அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"பீரோவுல."

ஷமீமா துணியை மடித்து மங்கையிடம் கொடுத்தாள். துப்பாக்கியை மேசையின் வெறும் பலகைமேல் வைத்தாள். இரும்பு மரத்தில் பட்ட சத்தம் மங்கைக்குப் பிடிக்கவில்லை.

மங்கையின் கணவர் திருஞானம் ஆற்றோரம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். ஆற்றில் லாரி லாரியாக மணல் போவதைப் பார்த்து மனு போட்டார். மனுவுக்கு மேல் மனு. மிரட்டல் வந்தது. அதன் பிறகுதான் லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கினார். மனு போடுவதையும் நிறுத்தவில்லை. ஒரு மழை நாளில் கண்மாய்க்கரையில் பைக்கை மறித்து வெட்டினார்கள். கொஞ்சம் பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த மங்கை பார்த்தாள். மூன்று பேர். மூன்று முகமும் தெரிந்த முகம். அதில் வெள்ளைச்சாமி என்பவனின் ஆட்டுக்கு அவளே ஒரு முறை பிரசவம் பார்த்திருந்தாள்.

வேறு சாட்சி கிடையாது.

மூன்று பேரும் ஜாமீனில் வெளியே வந்தார்கள். டாக்டரம்மா தனியாக மாடு பார்க்கப் போக வேண்டாம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அக்கறைப்பட்டதுபோல் ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சில மாதம் கூடவே வந்தார். பிறகு வேறு ஊருக்கு மாறிப் போனார். மாடுகள் அதற்காகக் கன்று போடாமல் இருப்பதில்லை. மங்கை கணவரின் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதினாள். அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

கற்றுக்கொள்வதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. மிரண்ட மாட்டின் கழுத்தில் ஊசி போட்டுப் பழகிய கை. மூச்சை அடக்கத் தெரியும், பதறாமல் அழுத்தத் தெரியும். முதல் நாளே இலக்கு அட்டையின் நடுப்பகுதியில் ஓட்டைகள் விழுந்தன. ஆனால் அவள் அட்டையைப் பார்க்கவில்லை. உருளையின் முகத்தில் கரி படிந்திருந்தது. துப்பட்டாவின் நுனியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போயிருமா மாஸ்டர்?"

"கரி போயிரும்."

"எது போகாது?"

"சுட்டது."

மங்கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சில வாரம் கழித்து ஷமீமா கேட்டாள்.

"இடுப்புல எப்ப வைக்கப் போறீங்க டாக்டரம்மா?"

"நல்லாப் பழகின பிறகு."

"வைக்காம எப்படிப் பழகும்?"

அடுத்த நாளிலிருந்து மங்கை தோலுறை ஒன்றில் போட்டு, தொளதொளத்த வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். சித்திரை மாதம். தொழுவத்தில் குனிந்து நிமிர்ந்தால் முதுகிலிருந்து வேர்வை இடுப்புக்கு இறங்கும். இரவில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுவாள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் துடைக்கும்போது குழல் முனையில் ஒரு வெளுப்பைக் கண்டாள். கறுப்பு தேய்ந்து அடியிலிருந்த இரும்பு தெரிந்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். இரண்டு வாரத்தில் அது விரல் நகம் அளவு ஆனது. உருளையின் விளிம்பிலும் கோடு கோடாய் வெளுப்பு.

அதற்கு அடுத்த பாடத்தில் ஷமீமா, "உறையிலிருந்து எடுங்க பார்க்கலாம்" என்றாள்.

மங்கை கோட்டை ஒதுக்கிக் கையை விட்டாள். மொறமொறவென்று சத்தம் கேட்டது. துப்பாக்கி வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். துப்பாக்கியோடு ஒரு பாலித்தீன் பையும் வந்தது. விரல் பைக்கு வெளியே இருந்தது, விசை பைக்கு உள்ளே இருந்தது.

"என்ன இது?"

"வேர்வை படாம இருக்க."

"இன்னொரு தடவை எடுங்க."

எடுத்தாள். இந்த முறை பை உறையோடு சிக்கிக்கொண்டு இடது கையையும் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

"அதுவரைக்கும் அவங்க பொறுப்பாங்களா?" என்று கேட்டாள் ஷமீமா.

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு முகம் இறுகிவிட்டது. பையை எடுத்துக் கசக்கினாள்.

"உங்களுது காட்டுங்க மாஸ்டர்."

ஷமீமா தன் இடுப்பிலிருந்ததை எடுத்துக் காலி செய்து கொடுத்தாள். கறுப்பு என்று ஒன்று அதில் எப்போதாவது இருந்ததா என்றே தெரியவில்லை. முனை, விளிம்பு, முதுகு எல்லாம் பழைய அருவாமனைபோல் வெளுத்துக் கிடந்தது. கைப்பிடியின் கோடுகள் கட்டைவிரல் படும் இடத்தில் மழுங்கியிருந்தன.

"ஏன் இப்படி ஆயிருச்சு?"

"என்கூடவே வருது" என்றாள் ஷமீமா.

மங்கை அதன் பிறகு பை போடவில்லை. ஆனால் எண்ணெய் போடும் நேரம் கூடியது.

ஆடி மாதத்தில் அந்தச் சினைமாடு உதைத்தது. தலைச்சன் ஈற்று. கன்றின் கால் மடங்கி வழியில் சிக்கியிருந்தது. மங்கை பின்னால் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தாள். வலி தாங்காத மாடு காலை வீசியது. முதல் உதை அவள் முழங்காலில் பட்டது. இரண்டாவது இடுப்பில். உறையின் வார் அறுந்து துப்பாக்கி தெறித்து, சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் மோதி, சாணியில் விழுந்தது.

மாட்டுக்காரர் பயந்து பின்வாங்கினார். மங்கை எழுந்து நொண்டிக்கொண்டே போய்த் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களை வெளியே தள்ளினாள். கையைக் கழுவிவிட்டு வந்து கன்றையும் இழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தாள். குழலுக்குப் பின்னால் துப்பாக்கியின் உடம்பில் ஒரு பள்ளம். கைப்பிடியின் அடி மரம் சில்லு தெறித்துப் போயிருந்தது.

கணவர் செத்து நாற்பது நாள் அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

அடுத்த பாடத்துக்கு வெறுங்கையோடு வந்தாள்.

"எங்க?" என்றாள் ஷமீமா.

"பீரோவுல."

"ஏன்?"

"அடி பட்டுருச்சு."

"யாருக்கு?"

"துப்பாக்கிக்கு."

ஷமீமா அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்திருந்தாள்.

"கால்ல என்ன?"

"மாடு உதைச்சிருச்சு. ரெண்டும் ஒரே நாள்தான். முட்டி வீங்கிக் கெடக்கு."

"காலை ஏன் பீரோவுல வைக்கல?"

மங்கைக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவள் குரல் பாறையில் பட்டுத் திரும்பியது.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டாப் போச்சு. உங்களுக்கு அது இரும்பு. எனக்கு அவர் தொட்ட சாமான். ஞாயித்துக்கெழமை ஆனா எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவார். பஞ்சு, எண்ணெய், பட்டுத்துணி. எங்க கல்யாணத்து அங்கவஸ்திரத்தைக் கிழிச்சுத்தான் அந்தத் துணி. ஒரு தூசி இருக்க விட மாட்டார். அவர் எப்படி வச்சிருந்தாரோ அப்படியே வச்சிருக்கணும்னுதான் நான் நெனைச்சேன். இப்ப பள்ளம் விழுந்து கெடக்கு. அவர் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

ஷமீமா மேசையோரமாகச் சாய்ந்து நின்றாள்.

"வாங்கின புதுசுல ரெண்டு மூணு நாள் இடுப்புல வச்சுக்கிட்டுப் போனார். கார் கதவுல உரசி ஒரு கோடு விழுந்துருச்சு. மயிரிழை மாதிரி. அவருக்கு மனசே கேக்கல. அன்னையிலிருந்து பீரோவுலதான். அன்னைக்குக் காலைலகூட நான் சொன்னேன், எடுத்துக்கிட்டுப் போங்கன்னு. தூறுது மங்கை, துரு ஏறிரும்னு…"

அவள் நிறுத்தினாள்.

கல்குழிக்கு மேலே ஒரு மயில் அகவியது. ஷமீமா கீழே கிடந்த காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"அந்தக் கோடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"விசைக்கு மேல. இடது பக்கம்."

"இன்னும் தெரியுதா?"

"தேடினாத் தெரியும்."

"நாளைக்குக் கொண்டுவாங்க."

மறுநாள் கொண்டுவந்தாள். பட்டுத்துணி இல்லை.

ஷமீமா துப்பாக்கியை வாங்கிப் பள்ளத்தின்மேல் ஒரு முறை விரலை வைத்தாள். பிறகு அதைப் பார்க்கவே இல்லை. உருளையை மெதுவாகச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டாள். பின்னாலிருந்த சுத்தியலை இழுத்து விட்டாள். தோட்டா போட்டுப் பாறையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுட்டாள். காலி உறைகளை வெளியே தள்ளும்போது முகம் சுளித்தாள். தள்ளுகிற கம்பி சற்று வளைந்திருந்தது. உறைகள் சிக்கிச் சிக்கி வந்தன.

"இது அடி" என்றாள்.

"அப்ப அந்தப் பள்ளம்?"

"அது பள்ளம்."

மங்கை விழித்தாள்.

"கம்பியைச் சரி பண்ணாமக் கொண்டுபோகக் கூடாது. லைசென்ஸ் உள்ள கடையா பார்த்து, உங்க முன்னாலயே பண்ணச் சொல்லுங்க. வேற எதையும் தொட வேணாம்."

கடை மதுரையில் இருந்தது. கடைக்காரர் வயதானவர், நல்ல மாதிரி. மங்கை டீ குடித்து முடிப்பதற்குள் கம்பியைக் கழற்றி நிமிர்த்தி மாட்டிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நல்ல சாமானை இப்படி வச்சிருக்கீங்க? விட்டுட்டுப் போங்க. பள்ளத்தை அடைச்சு, மெருகு ஏத்தி, கடையிலேருந்து எடுத்த மாதிரி ஆக்கித் தர்றேன். உங்களாலயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது."

மங்கையின் கை துப்பாக்கியை மேசைமேல் நகர்த்தி அவர் பக்கம் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது.

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம் வச்சுக்கங்க."

"அந்த ஒரு மாசம் நான் எதை எடுத்துக்கிட்டுப் போறது?"

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். மங்கை துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கம்பி சரியாகிவிட்டது. ஆனால் பிடித்துச் சுடும்போது கைப்பிடியின் தெறித்த மரம் உள்ளங்கையில் குத்தியது. ரத்தம் வரவில்லை. ஆனால் குத்துமே என்று கை தானாகத் தளர்ந்தது. அட்டையில் ஓட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன.

ஷமீமா ஒரு துண்டு உப்புத்தாளைக் கொடுத்தாள்.

"தேய்ங்க."

"நானா?"

"பிடிக்கப்போறது யாரு?"

மங்கை உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். திருஞானத்தின் கைபட்டு மினுங்கிய மரம் அது. ஒரு முறை தேய்த்தால் அவர் தொட்டது கொஞ்சம் உதிர்ந்து போகும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். மடியில் பழுப்பாய்த் தூள் விழுந்தது. அதை ஊதிவிடவும் மனமில்லை. அப்படியே விட்டுவிட்டு இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"எவ்வளவு தேய்க்கணும் மாஸ்டர்?"

"குத்துறது நிக்கிற வரைக்கும்."

சாயங்காலம் வரை தேய்த்தாள். எழுந்து நின்றபோது தூள் தானாக உதிர்ந்தது. அந்த மூலையில் கைப்பிடி பழைய வடிவத்தில் இல்லை. அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது.

சாட்சி சொல்ல வரும்படி கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்த மாதத்தில் அது நடந்தது.

மேட்டுக்களத்தில் ஒரு எருமைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மங்கை ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். பொழுது சாயவில்லை, வெயில் மட்டும் தணிந்திருந்தது. வாய்க்கால் பாலத்தில் ஒரு பைக் குறுக்கே நின்றது. பக்கத்தில் இரண்டு பேர். ஒருவன் வெள்ளைச்சாமி. இன்னொருவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவன் கையில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று நீளமாக இருந்தது.

மங்கை வண்டியை நிறுத்தி இறங்கினாள். திருப்பிக்கொண்டு போக நேரமில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"டாக்டரம்மா, ஒரு வார்த்தை பேசணும்" என்றான் வெள்ளைச்சாமி.

ஹெல்மெட் போட்டவன் சாக்கைப் பிரித்துக்கொண்டே நடந்து வந்தான்.

கோட்டை ஒதுக்கியதும் துப்பாக்கி கைக்கு வந்ததும் மங்கைக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டியிருந்தாள்.

"ஏய். நில்லு."

முரட்டுக் காளையிடம் பேசும் குரல். உரக்கச் சொல்லவில்லை. அவன் நின்றான்.

"சாக்கைக் கீழ போடு."

அவன் வெள்ளைச்சாமியைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச்சாமி துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளுத்துப்போன முனை, பள்ளம், மூலை தேய்ந்த கைப்பிடி.

"எங்கயோ பழைய இரும்புக் கடையில எடுத்ததுடா" என்றான். "அது சுடுமாம்மா?"

"சுடும்."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். வெள்ளைச்சாமி இப்போது துப்பாக்கியை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தான். ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த அன்றைக்கு இந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறான். தாய் பிழைக்கும், குட்டி பிழைக்காது என்று சொன்ன கண். அன்றைக்கு அப்படியேதான் நடந்தது.

"போட்ருடா" என்றான்.

சாக்கு விழுந்தது. உள்ளிருந்து அரிவாள் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. பைக் கிளம்பிப் போய், சத்தம் ஓயும் வரைக்கும் மங்கை கையை இறக்கவில்லை. பிறகு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். பால் வண்டி வந்தது. பால்காரர் கூடவே வந்து போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போனார். அரிவாளை எடுத்துவர ஆள் போனது. அந்த வாரத்திலேயே மூன்று பேரின் ஜாமீனும் ரத்தானது.

அங்கே, பாலத்தில், அவள் கை நடுங்கவில்லை.

மறுநாள் காலையில் கோமாரி ஊசி போடப் போன இடத்தில் நடுங்கியது. மருந்துக் குப்பிக்குள் ஊசி நுழையவில்லை. கண்ணாடியில் கிடுகிடுவென்று தட்டியது. மாட்டுக்காரரின் மனைவி, டாக்டரம்மா காப்பி குடிக்கலியா என்று கேட்டாள்.

அது நிற்கவில்லை. சாப்பிடும்போது நடுங்கியது. கையெழுத்துப் போடும்போது நடுங்கியது. வலது கைதான், அதுவும் மணிக்கட்டுக்குக் கீழே. நரம்பு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார்.

வழக்கு எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மங்கை கூண்டில் ஏறினாள். அவள் கை நடுங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டார். ஆமாம், நடுங்குகிறது என்றாள். பார்த்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். குறுக்கு விசாரணையில் ஒரு சொல் மாறவில்லை. மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு போனார்கள். அதிலும் தீர்ப்பு மாறவில்லை.

ஆனால் கூண்டில் ஏறுவதற்கு முந்தின வாரம் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்குக் கல்குழிக்கு வந்தபோது அவள் முகத்தில் தூக்கமில்லாத கறுப்பு. துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். பலகையில் சத்தம் கேட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. மேசைமேலிருந்த தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், இன்னைக்கு என்னால சுட முடியாது."

ஷமீமா இலக்கு அட்டையைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து?"

"நேத்தும் நடுங்குச்சு. என்னைக்குத்தான் நடுங்கல? இந்தக் கையைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிக் கூண்டுல ஏறுவேன்? எல்லாரும் இதைத்தான் பார்ப்பாங்க. பொய் சொல்றவ கை இப்படித்தான் ஆடும்னு அவங்க வக்கீல் சொல்லுவார். அவரையும் காப்பாத்தல, அவருக்காகச் சாட்சியும் ஒழுங்காச் சொல்லலன்னு ஆயிரும்."

ஷமீமா அட்டையின் ஒரு மூலையைச் செருகிவிட்டு அடுத்த மூலைக்குப் போனாள்.

"நேத்துக் காலைல ஒரு பசு. கன்னு குறுக்கே கெடந்துச்சு. கையை உள்ள விட்டுத் திருப்பணும். எத்தனை நூறு தடவை பண்ணினது! உள்ள விட்ட கை உள்ளயும் நடுங்குது மாஸ்டர். கன்னோட காலைப் பிடிக்கிறேன், நழுவுது. மறுபடி பிடிக்கிறேன், நழுவுது. பசுவோட முதுகுல நெத்தியை வச்சுக்கிட்டு அழுதேன். அழுதுக்கிட்டேதான் திருப்பினேன். இந்தக் கை பழையபடி ஆகவே ஆகாதா?"

கடைசி மூலையையும் செருகிவிட்டு ஷமீமா திரும்பினாள். மேசைமேல் கிடந்த கையை அவள் பார்க்கவில்லை. மங்கையைப் பார்த்தாள்.

"கன்னு எந்திரிச்சு நின்னுச்சா?"